மேற்கு வரிசையின் வயிறு

புதிய மாணவர்களை வரவேற்பதில் பேகம்பேட் பொதுச் சுகாதார உயர்கல்விக் கழகத்துக்கு ஈடாக இந்தத் தேசத்தில் இன்னொரு நிறுவனம் கிடையாது என்று அதன் இயக்குநர் டாக்டர் சந்திரமோகன் சொல்வது வழக்கம். அதை மறுத்தவர் எவருமில்லை. மற்ற நிறுவனங்கள் வரவேற்பை ஒரு காலைப் பொழுதில் முடித்துவிட்டுப் பாடம் நடத்தப் போய்விடுகின்றன. கழகத்தில் வரவேற்பு பத்து நாள் நடக்கும். அதற்குப் பிறகு பாடத்துக்கு எவ்வளவு காலம் மிஞ்சுகிறதோ அவ்வளவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு ஜூலையில் வரவேற்கப்பட்டவர்களில் ஜெயசுந்தரி ஒருத்தி. செகந்திராபாத்தில் பி.எஸ்ஸி. படித்தவள். அப்பா தேவசகாயம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் லோத்குண்டாவில், ராணுவ நிலத்து வேலியை ஒட்டிய ஒரு சந்தில் இரண்டு அறை வைத்து வீடு கட்டிக்கொண்டார். சந்தில் எல்லாம் இருந்தது, தண்ணீரைத் தவிர. வேலியோரத்தில் ஒரு கிணறு உண்டு. அதன் தண்ணீர் மழைக்காலத்தில் டீயின் நிறத்திலும் கோடையில் காப்பியின் நிறத்திலும் இருக்கும்.

அந்த வருஷம் மே மாதம் குடிநீர் இலாகா சந்தின் நடுவே குழாய் பதித்து, இரண்டு வரிசையிலும் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பித்தளைக் குழாயும் வைத்துவிட்டுப் போயிற்று. ஜூன் மாதம் இரண்டு பேர் வந்து அந்தக் குழாய்களின் வாயைச் சாக்குத் துணியால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மேலிடத்து உத்தரவு என்றார்கள். தேவசகாயம் அந்த மேலிடத்தைத் தேடி இலாகா அலுவலகத்தின் மாடிப்படிகள் அத்தனையும் ஏறிப் பார்த்தார். மொட்டை மாடி வரைக்கும் அப்படி யாரும் இல்லை.

வரவேற்பின் முதல் நாள் காலையில், கழகத்தின் பெரிய கூடத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயசுந்தரி, அந்த மேலிடத்தைக் கண்ணாரக் கண்டாள். அது கழுத்தில் சாமந்தி மாலையுடன் ஒலிபெருக்கியின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தது.

கழகத்துக்கு மிக அருகில் விமான நிலையம். விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் பேச்சு கேட்காது. டாக்டர் சந்திரமோகன் அதற்காக நிறுத்துகிறவர் அல்லர். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டேயிருக்கும். சத்தம் அடங்கியதும் கவனித்தால், பேச்சு முன்பு விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

"மற்ற கல்லூரிகளில் புதிய மாணவருக்கு ஒரு ரோஜாப்பூ கொடுக்கிறார்கள்," என்றார் அவர், சுத்தமான ஆங்கிலத்தில். "நாங்கள் ஒரு மக்கள்தொகையைக் கொடுக்கிறோம். ரோஜா வாடிவிடும். மக்கள்தொகை வாடினாலும் பயன்படும்."

கழகத்தின் வழக்கம் அதுதான். ஒவ்வொரு புதிய அணியும் பாடப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஓர் ஆய்வை நடத்தி முடிக்க வேண்டும். அதற்கு 'வரவேற்பு ஆய்வு' என்று பெயர். ஒரு வருஷம் ஒரு கிராமத்தில் பாதிப் பேருக்கு மட்டும் செருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு வருஷம் ஒரு விடுதியில் பாதி அறைகளுக்கு மட்டும் சோப்பு கொடுத்தார்கள். மீதிப் பாதி எதற்கு என்றால், ஒப்பிடுவதற்கு. அந்த மீதிப் பாதிக்கு 'ஒப்பீட்டுக் குழு' என்று பெயர். ஆய்வு முடிந்த பிறகு அவர்களுக்குச் செருப்பும் சோப்பும் போய்ச் சேர்ந்தனவா என்பது வேறு ஆய்வு. அதற்கு இன்னும் நிதி வரவில்லை.

"இந்த வருஷம் தண்ணீர்," என்றார் இயக்குநர். "லோத்குண்டாவில் ஒரு சந்தில் குடிநீர்க் குழாய் பதித்திருக்கிறார்கள். திறக்க இருந்தார்கள். நல்ல வேளை, சரியான சமயத்தில் நான் தலையிட்டேன். நல்ல தண்ணீரால் நன்மை உண்டா என்பதை நிரூபிக்காமல் மக்களுக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது பொறுப்பற்ற செயல் அல்லவா? இலாகாவினர் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒரு வேலையைத் தாமதப்படுத்தும்படி வெளியிலிருந்து ஒருவர் அவர்களைக் கேட்டுக்கொண்டது அதுவே முதல் தடவையாம். மிகவும் மகிழ்ந்தார்கள்."

ஒப்பந்தம் எளிமையானது. பாதிச் சந்துக்கு மட்டும் குழாயைத் திறப்பது. நன்மை நிரூபணமானால் முழுச் சந்துக்கும் திறந்துவிடுவது. நிரூபணமாகாவிட்டால், அந்தத் தண்ணீரை மாரெட்பள்ளியில் கட்டிக்கொண்டிருந்த அதிகாரிகள் குடியிருப்புக்குத் திருப்பிவிடுவது. அங்கே தண்ணீரின் நன்மையை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை, ஏனென்றால் அங்கே வரப்போகிறவர்கள் அதிகாரிகள்.

ஜெயசுந்தரி கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் இறங்கிற்று. இறங்கி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது.

மறுநாள் வெள்ளைக் கோட்டு அணிந்த புதிய அணி கழகத்தின் நீலப் பேருந்தில் லோத்குண்டா போய் இறங்கிற்று. முந்தின இரவைக் கழகத்து விடுதியில் கழித்துவிட்டுப் பேருந்திலிருந்து இறங்கிய மகளை, வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த எலிசபெத் நிமிர்ந்து பார்த்தாள். எலிசபெத்துக்கு ஊர் நாசரேத் பக்கம். செகந்திராபாத்துக்கு வாழ வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு இன்னும் ரயிலேறவில்லை.

"ஏட்டி, படிக்கப் போறேன்னு போனவ ஒரே நாள்ல திரும்பிட்டியே. வெரட்டிட்டாவளா? வெரட்டுனதுக்கு எதுக்கு இத்தனை பேரு கூட்டிட்டு வந்திருக்காவ?"

அணியை நடத்தி வந்த பேராசிரியர் உமாசங்கர் திடுக்கிட்டார். அவர் புள்ளியியல் துறைத் தலைவர். எதிர்பாராதது எதையும் பொறுக்காதவர். "இந்த அம்மாள் யார்?" என்றார்.

"என் அம்மா, சார். நான் இந்த வீடுதான். நேற்றே சொல்ல வந்தேன்."

உமாசங்கரின் முகம் வெளுத்துவிட்டது. "அப்படியானால் நீங்கள் மாணவி இல்லை. மக்கள்தொகை!"

பின்னாலேயே காரில் வந்து இறங்கிய இயக்குநருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. மக்கள்தொகையிலிருந்தே ஒருத்தி கழகத்தில் சேர்ந்திருப்பது கழகத்தின் பணிக்குக் கிடைத்த வெற்றி என்றார். அந்தச் சந்தில் கழகம் இதுவரை எந்தப் பணியும் செய்ததில்லை என்பதை எடுத்துச் சொல்லும் பதவியில் அங்கே யாரும் இல்லை. சந்தின் நடுவில் நின்றபடியே ஒரு விதி வகுக்கப்பட்டது. வெள்ளைக் கோட்டு அணிந்திருக்கும்போது ஜெயசுந்தரி மாணவி. கோட்டைக் கழற்றினால் மக்கள்தொகை. இரண்டாகவும் ஒரே நேரத்தில் இருந்தால் படிப்பிலிருந்து நீக்கம்.

அடுத்து, எந்த வரிசைக்குத் தண்ணீர் என்று திருவுளச்சீட்டு. இரண்டு சீட்டுகளை ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டுக் குலுக்கினார்கள். அதை எடுக்கும் கௌரவத்தை இயக்குநர் ஜெயசுந்தரிக்கே கொடுத்தார். அவள் எடுத்த சீட்டில் 'கிழக்கு' என்று இருந்தது. கைதட்டினார்கள்.

அவள் வீடு மேற்கு வரிசையில் இருந்தது.

கிழக்கு வரிசைக் குழாய்களில் அரக்கை உடைத்தார்கள். தையல்காரர் அப்துல் ரஹீமின் வாசலில் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு, பிறகு சுத்தமான, நிறமில்லாத தண்ணீரைக் கொட்டிற்று. எதிர் வாசலில் நின்ற கனகவல்லி, "எங்களுக்கு?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு இதைவிட முக்கியமான இடம் கொடுத்திருக்கிறோம், அம்மா," என்றார் இயக்குநர். "நீங்கள் இல்லையென்றால் அவர்களுடைய தண்ணீருக்கு அர்த்தமே கிடையாது."

கனகவல்லி கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். இவ்வளவு மரியாதையாக அவளிடம் யாரும் எதையும் மறுத்ததில்லை.

ஒரு வரிசைத் தண்ணீர் இன்னொரு வரிசைக்குப் போய்விட்டால் ஆய்வு கெட்டுவிடும். எனவே மாணவர்கள் சந்தின் நடுவே இரண்டிரண்டு பேராகக் காவல் நிற்க வேண்டும் என்று உமாசங்கர் உத்தரவிட்டார். ஜெயசுந்தரிக்கும் ஜார்ஜ் என்கிற மாரெட்பள்ளிப் பையனுக்கும் முதல் காவல். ஜார்ஜ் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தவன். தமிழ் அவனுக்குக் காதால் நன்றாகத் தெரியும்.

காவல் தொடங்கி ஐந்து நிமிஷம் இருக்காது. எலிசபெத் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக் கடந்தாள்.

"அம்மா, நக்கோ மா! அந்தப் பக்கம் போகக் கூடாது."

"ஏன், நேத்து வரைக்கும் போனேனே. ரஹீம் பாய் வீட்டுக்குப் போறதுக்கு எனக்கு உத்தரவு வேணுமா?"

"வெறுங்கையோட போகலாம். குடத்தோட போகக் கூடாது."

"பாத்தியளா பாய் இவ பேசுததை? பெத்தவளுக்குப் பச்சத் தண்ணி மறிக்கத்தான் இந்தக் கோட்ட மாட்டிவிட்டிருக்காவ."

அப்துல் ரஹீம் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். ஆம்பூர்க்காரர். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும், அவற்றோடேயே பேசுவார். "கைக்கு பேட்டி, எதுக்கு இதெல்லாம்? எங்க குழாயில தண்ணி வருது. அம்மா எடுத்துக்கட்டும். நாங்க குடிச்சு தீரப்போவுதா?"

ஜெயசுந்தரி சந்தின் நடுவிலேயே நின்று விளக்கினாள். கிழக்கு வரிசை ஆரோக்கியமாகவும் மேற்கு வரிசை நோயாகவும் இருந்தால்தான் தண்ணீரின் நன்மை நிரூபணமாகும். மேற்கு வரிசையும் நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டால் இரண்டு வரிசையும் ஒன்றுபோல் இருக்கும். அப்போது நன்மை இல்லை என்றாகிவிடும். தண்ணீர் மாரெட்பள்ளிக்குப் போய்விடும்.

சந்து சற்று நேரம் அதை யோசித்தது.

"அப்ப, தண்ணி வரணும்னா நான் சீக்குல விழணும்," என்றாள் எலிசபெத்.

"ஹவ், மா," என்று தலையாட்டினாள் ஜெயசுந்தரி.

"சீக்குல விழாம இருக்கணும்னா தண்ணி வரப்படாது."

"ஹவ்."

"இதைப் படிக்கத்தான் சர்க்காரு உனக்கு உபகாரச் சம்பளம் தாறான்?"

கனகவல்லி குறுக்கிட்டாள். "வயித்தால போகுதா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வந்து பாப்பாங்களா?"

"கேப்பாங்க. தினமும் வீடு வீடாக் கேப்பாங்க."

"கேக்கத்தானே செய்வாங்க?" என்றாள் கனகவல்லி. சந்தின் முகம் தெளிந்தது.

ஜெயசுந்தரி ஜார்ஜைப் பார்த்தாள். அவன் ராணுவ வேலியில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கையை மிகுந்த அக்கறையுடன் கவனித்துக்கொண்டிருந்தான்.

இந்த ஏற்பாட்டுக்குக் கழகத்தின் பேருந்து ஓட்டுநர் பெரிதும் உதவினார். அவருடைய வேலை நேரம் நாலரையோடு முடிகிறது. நாலே காலுக்கு அவர் ஹாரன் அடித்தால் காவல், கேள்வி, அறிவியல் எல்லாம் வண்டியில் ஏறிவிடும். பேருந்து முனை திரும்பியதும் மேற்கு வரிசைக் குடங்கள் கிழக்கு வரிசைக்குப் போய் நிரம்பித் திரும்பும். ஜெயசுந்தரி பேருந்தில் ஏறுவதில்லை, வீடு அங்கேயே இருந்ததால். அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மக்கள்தொகையாகி, தானும் ஒரு குடத்தை எடுத்துக்கொள்வாள்.

பகலில் மாணவர்கள் வீடு வீடாகப் போனார்கள். தேவசகாயத்தின் வீட்டுக்கு ஜார்ஜ் வந்தான்.

"அங்கிள், நேத்து எத்தனை டைம்ஸ்?"

தேவசகாயத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, பட்டறையில முப்பத்துமூணு வருஷம். ஒரு நாள் வயித்தைச் சொல்லி லீவு போட்டது கிடையாது. ரெக்கார்டுல பாரு."

உள்ளேயிருந்து எலிசபெத் சத்தமாகத் தொண்டையைச் செருமினாள்.

"நேத்து ஆறு தடவை," என்றார் தேவசகாயம்.

எதிலும் தரம் குறையாமல் வேலை செய்து பழகியவர் என்பதால், அடுத்த நாள் ஒன்பது ஆக்கினார். இது கனகவல்லி வீட்டுக்காரருக்கு எட்டியபோது அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் பதினொன்று சொன்னார். மேற்கு வரிசையில் ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குத் தாழ்ந்ததாக யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கிழக்கு வரிசைக்காரர்களும் தங்கள் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. அப்துல் ரஹீமுக்கு வயிறு மட்டுமல்ல, பன்னிரண்டு வருஷத்து முழங்கால் வலியும் போய்விட்டது. தண்ணீர் வந்த மூன்றாம் நாள் தன் மகளுக்கு நல்ல இடத்தில் நிக்காஹ் முடிவானதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஜார்ஜ் எழுதிக்கொண்டான்.

இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை உமாசங்கர் வரைபடத் தாளில் கோடுகளாகப் போட்டபோது, மேற்கின் கோடு தாளை விட்டு வெளியே போயிற்று. மேலே இன்னொரு தாளை ஒட்டினார்கள். அவர் அன்று சாப்பிடவில்லை. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

வரவேற்பின் நிறைவு விழாவுக்கு டெல்லியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். ஒட்டுப் போட்ட வரைபடம் மேடையில் தொங்கிற்று. அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். ஆலோசகர் அதன் அருகே போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"உலகத்தில் பல நாடுகளில் வயிற்றுப்போக்கைப் பார்த்திருக்கிறேன்," என்றார் அவர். "இவ்வளவு ஒழுங்கான வயிற்றுப்போக்கை எங்கும் பார்த்ததில்லை."

கைதட்டல் அடங்கியதும் டாக்டர் சந்திரமோகன் எழுந்தார். ஜெயசுந்தரி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். நிரூபணம் ஆகிவிட்டது. இனி அவர் திறக்கச் சொல்ல வேண்டியதுதான். அம்மா காலையிலேயே குழாயடியைக் கழுவி வைத்திருந்தாள்.

"நல்ல தண்ணீரால் நன்மை உண்டு என்பது நிரூபணம் ஆகியிருக்கிறது," என்றார் இயக்குநர். "ஆனால் ஒரே ஒரு தடவைதான் ஆகியிருக்கிறது. ஒரு தடவை நிரூபணமான உண்மையை நம்பி நாம் குழாய்களைத் திறந்துவிட முடியுமா? திறந்தால் என்ன ஆகும்? மேற்கு வரிசை குணமாகிவிடும். பிறகு எதோடு எதை ஒப்பிடுவது? நண்பர்களே, மேற்கு வரிசையின் வயிற்றுப்போக்கு இன்று அந்தச் சந்துக்கு மட்டும் உரியதல்ல. அது தேசத்தின் சொத்து. நாற்பது ஐம்பது பேருடைய சௌகரியத்துக்காக அதை அழித்துவிட நமக்கு உரிமை கிடையாது. டெல்லி இதை உணர்ந்திருக்கிறது. ஆய்வு ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. அதுவரை ஒப்பீட்டுக் குழுவை எந்த நல்ல தண்ணீரும் அண்டாமல் கண்போல் பாதுகாப்போம்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஜெயசுந்தரி நின்றுகொண்டிருந்தாள்.

"சார், மேற்கு வரிசையில யாருக்கும் ஒண்ணும் இல்லை. நாலரை மணிக்கு மேலே எல்லாரும் கிழக்கு வரிசைத் தண்ணியத்தான் குடிச்சாங்க. நானும் குடிச்சேன். வயித்தால போச்சுன்னு சொன்னதெல்லாம், குழாய் திறக்கணும்னு சொன்னது."

ஆலோசகர் வரைபடத்தைப் பார்த்தார். உமாசங்கர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"குடித்தது கோட்டோடா, கோட்டு இல்லாமலா?"

"கோட்டு இல்லாம."

"அப்படியானால் இது மக்கள்தொகையின் கூற்று. மக்கள்தொகை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். தானாகப் பேசக் கூடாது. தவிர, நாலரை மணிக்கு மேல் பார்வையாளர் இல்லை. பார்வையாளர் இல்லாத நேரத்தில் நடந்ததை நடந்ததாகக் கொள்ள முடியாது."

இயக்குநர் கருணையோடு புன்னகை செய்தார். "தன் மக்கள்மீது இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பாசம், பாருங்கள். நோயாளி என்று அவர்களை ஒருவர் சொல்லப் பொறுக்கவில்லை. உட்காரம்மா. இல்லை, முழுநேர மக்கள்தொகையாகவே இருந்துவிட விருப்பமா?"

முழுநேர மக்கள்தொகைக்கு உபகாரச் சம்பளம் கிடையாது. படிப்பு முடிந்தால் ரயில்வேயில் சுகாதார அலுவலர் வேலை நிச்சயம் என்று அப்பா சர்ச்சில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தார். ஜெயசுந்தரி உட்கார்ந்தாள். எல்லோருக்கும் ரவா லட்டு கொடுத்தார்கள்.

அன்று மாலை அவள் செய்தியைச் சொன்னபோது எலிசபெத் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு வருஷமா? அஞ்சு வருஷம் வயித்தால போனா நான் சுவத்துல படமாட்டுல்லா தொங்குவேன்!"

"நான் எந்திரிச்சுச் சொன்னேம்மா. கேக்கலை."

"சொன்னியா? அப்புறம்?"

"உக்காருன்னாங்க. உக்காந்துட்டேன்."

எலிசபெத் மகளை ஒரு நிமிஷம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ஜெயசுந்தரி நினைத்தாள். "சரி விடு," என்றாள் எலிசபெத். "நின்னுட்டே இருந்தா மட்டும் தண்ணி வந்துருமா?"

தேவசகாயம் தன் பங்குக்கு வருந்தினார். பதினான்கு வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை என்று அவருக்கு இப்போது தோன்றிற்று. கனகவல்லி, நாளைக்கே எல்லோரும் குணமாகிவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்றாள். "சொன்னா, ரெண்டு வரிசையும் ஒண்ணு, தண்ணியால நன்மை இல்லைன்னு மாரெட்பள்ளிக்குக் கொண்டுபோயிடுவாங்க," என்றாள் ஜெயசுந்தரி.

அப்துல் ரஹீம் வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் முக்கியமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"அம்மா, இத்தினி நாளா நீங்களே வச்சுக்கினு இருந்தீங்க. பாவம், போதும். கொஞ்ச நாள் எங்ககிட்ட குடுங்க."

"எதை பாய்?"

"சீக்கை. நாளைக்கு நாங்க வாங்கிக்கறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க. மறுநா வேணும்னா திருப்பித் தர்றோம்."

"உங்க மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கியளே. பேரு கெட்டுப்போவாதா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு லீவு விட்டுக்கலாம், அம்மா. வெள்ளிக்கிழமை மட்டும் எங்களுக்கு நக்கோ."

மறுநாள் மேற்கு வரிசை முழுவதும் நலமாயிருந்தது. நல்ல தண்ணீர் குடித்த கிழக்கு வரிசை முழுவதும் சுருண்டு கிடந்தது. அதற்கு மறுநாள் கிழக்கு எழுந்துவிட்டது, மேற்கு படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மேற்கு தொடர்ந்து இரண்டாம் நாளாகப் படுத்திருந்தது. உமாசங்கரின் இரண்டு கோடுகளும் நாகமும் சாரையும் போலப் பின்னிக்கொண்டன. அவர் அவற்றைப் பிரிக்க முடியாமல் மூன்று ரப்பர்களைத் தேய்த்தார். கடைசியில் இயக்குநரின் அறைக்குப் போய், ஒரு நோய் தினந்தோறும் சந்தைக் குறுக்காகக் கடந்துபோய்க் கடந்துவருகிறது என்றும், அது வெள்ளிக்கிழமையை அறிந்திருக்கிறது என்றும் தெரிவித்தார்.

டாக்டர் சந்திரமோகன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். புதிய நோய்! அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அன்று பிற்பகல் கூட்டம் நடந்தது. லோத்குண்டாக் காய்ச்சல் என்றார் ஒருவர். காய்ச்சல் இல்லையே என்று ஞாபகப்படுத்தினார்கள். கண்டுபிடித்தவர் பெயரை வைப்பதே உலக வழக்கம் என்று இயக்குநர் தயக்கத்துடன் சொன்னார். அந்தப்படியே 'சந்திரமோகன் பேதி' என்று தீர்மானமாகி, டெல்லிக்குத் தந்தி போயிற்று.

பதில் தந்தி மறுநாளே வந்தது. ஒரு நிபுணர் குழு வருகிறது. நோயின் போக்கை இரவும் பகலும் நேரில் கவனிக்கும் பொருட்டு, குழு அந்தச் சந்திலேயே தங்கும்.

இயக்குநர் தந்தியை இரண்டு தடவை படித்தார். நாலரை மணிக்கு மேலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கப்போகிற ஒரு குழு என்பது கழகத்தின் வரலாற்றில் இதற்கு முன் நேர்ந்திராத ஆபத்து. உமாசங்கரை அழைத்தார். கதவைச் சாத்தினார்கள். கதவு திறந்தபோது சந்திரமோகன் பேதி என்று ஒரு நோய் உலகத்தில் இருக்கவில்லை. குழு புறப்பட வேண்டியதில்லை என்று டெல்லிக்கு இன்னொரு தந்தியும், குடிநீர் இலாகாவுக்கு ஒரு கடிதமும் போயின. கடிதம் சுருக்கமானது. மேற்படி சந்தில் வசிப்போர் அறிவியல் ஆராய்ச்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று தெரியவருவதால், அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிடலாம்.

விழா இல்லை, மாலை இல்லை. இலாகா ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து மேற்கு வரிசையின் முத்திரைகளை உடைத்துவிட்டுப் போனான். தண்ணீர் வந்தது. கனகவல்லி முதல் குடத்தைப் பிடித்து, பழக்க தோஷத்தில், சந்தைக் கடந்து அப்துல் ரஹீம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆய்வு மட்டும் நிற்கவில்லை. ஐந்து வருஷத்து நிதி வந்து சேர்ந்துவிட்டதே! முதல் வரைபடம் அச்சாகிக் கழகத்தின் கூடத்தில் தொங்கிற்று. இரண்டாவது வரைபடத்தை யாரும் அச்சிடவில்லை. பின்னாலுள்ள சந்தில் அப்போதுதான் குழாய் பதித்து முடித்திருந்தார்கள். புதிய மக்கள்தொகைக்கு ஆய்வை விளக்கிச் சொல்ல அனுபவமுள்ள ஒருவரை அனுப்புவது என்று முடிவாயிற்று. அனுபவமுள்ளவள் ஒருத்திதான்.

நீலப் பேருந்து சந்து முனையில் நின்றது. உமாசங்கர் உள்ளே உட்கார்ந்து புதிய வரைபடத் தாளுக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஜெயசுந்தரி கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு முதல் வீட்டு வாசலுக்குப் போனாள். தாயம்மாள் என்கிற நடுத்தர வயதுப் பெண் கதவைத் திறந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் வயித்துல ஒண்ணும் கிடையாதும்மா. கேட்டா அப்படியே உள்ளதைச் சொல்லிட்டாப் போதுமில்ல?"

ஜெயசுந்தரி பேருந்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இல்லைன்னு சொல்லுங்க. நாளைக்கு இருக்குன்னு சொல்லுங்க. எதையும் ரெண்டு நாள் சேர்ந்தாப்பல ஒண்ணுபோலச் சொல்லிடாதீங்க, அக்கா. கோடு அழகா வந்துட்டா அப்புறம் உங்களை விடமாட்டாங்க."